மரம் கேளுங்கள்: முள்ளில்லாத அந்த மரம் உசிலையா, சவுண்டலா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மரத்தைச் சுற்றியே இருந்தன. அதனால் மற்ற மரங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, உசிலைக்கே இடம் ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் தோட்டம் காப்புக்காட்டை ஒட்டி இருக்கிறது. வேலியோரம் ஏழெட்டு மரங்கள் தானாக முளைத்து வளர்ந்து நிற்கின்றன. முள் கிடையாது, இலை புளிய இலையை விடப் பொடிசு. என் மாமனார் உசில் என்கிறார், ஆடு மேய்க்க வருகிறவர் துரிஞ்சி என்கிறார், செல்போன் செயலியில் படம் பிடித்துப் பார்த்தால் சுபாபுல் என்று வருகிறது. யார் சொல்வது சரி? இலை, நெற்று, பட்டை மூன்றையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
(வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: உங்கள் மாமனாரும் ஆட்டுக்காரரும் ஒரே மரத்தைத்தான் சொல்கிறார்கள். உசில், உசிலை, துரிஞ்சி, கொங்குப் பக்கம் ஊஞ்ச மரம், அதன் இலையைப் பொடித்துக் கடையில் வைத்தால் அரப்பு, எல்லாமே தாவரவியலில் அல்பீசியா அமரா என்று பெயர் பெற்ற ஒரே மரம்தான். செயலி சொன்னது தப்பு. ஆனால் செயலியை ரொம்பவும் திட்ட முடியாது, நீங்கள் அதற்கு ஒரு கிளை இலையை மட்டும் காட்டியிருப்பீர்கள். பொடி இலை உள்ள மரங்கள் நம் வறண்ட காடுகளில் ஒரு டஜனுக்கு மேல் இருக்கின்றன, இலையை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் சொன்னால் யாருக்கும் சறுக்கும்.

நான் எப்போதும் முதலில் பார்ப்பது முள். நீங்கள் முள் இல்லை என்று சொன்ன உடனேயே கருவேல், வெள்வேல், சீமைக் கருவேல், கருங்காலி, விடத்தலை எல்லாம் பட்டியலை விட்டுப் போய்விட்டன. பொடி இலை மரங்களில் பெரும்பாதி இப்படியே கழிந்துவிடும். ஒரு கிளையை மட்டும் பார்த்து முள் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், இளங்கிளை, அடிமரத்தில் விட்ட புதுத் தளிர் இரண்டையும் பாருங்கள். சில வேல மரங்களில் வயதான கிளையில் முள் குறைந்துபோய் ஆளை ஏமாற்றும்.

அடுத்தது இலை. உசிலையின் இலை இரட்டைச் சிறகு, அதாவது நடுக்காம்பிலிருந்து ஜோடி ஜோடியாகப் பக்கக் காம்புகள், ஒவ்வொரு பக்கக் காம்பிலும் மறுபடி ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள். சிற்றிலை ஒவ்வொன்றும் சீரகத்தைத் தட்டையாக்கியது போல இருக்கும், ஒரு மில்லிமீட்டர் அகலம் இருந்தாலே பெரிது. சவுண்டல் என்றும் கூபாபுல் என்றும் சுபாபுல் என்றும் சொல்கிறார்களே, அதன் சிற்றிலை இதைவிட நன்றாகப் பெரிது, ஒரு சென்டிமீட்டரைச் சாதாரணமாகத் தொடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும், தனியாக ஒன்றை மட்டும் பார்க்கும்போதுதான் குழப்பம். இன்னொரு அடையாளம் தளிர். உசிலையின் இளங்கிளையை விரலால் தடவிப் பாருங்கள், மஞ்சள் கலந்த மெல்லிய ரோமம் வெல்வெட் மாதிரி தட்டுப்படும்.

ஆனால் சந்தேகமே இல்லாமல் தீர்த்துவைப்பது நெற்றுதான், நீங்கள் அனுப்பிய படத்திலும் அதுதான் என்னை உறுதியாகச் சொல்ல வைத்தது. சவுண்டலில் ஒரே காம்பு நுனியிலிருந்து பத்து பதினைந்து நெற்றுகள் கொத்தாகத் தொங்கும், ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டருக்குள் அகலம், உள்ளே விதை பதினைந்து இருபது நெருக்கமாக அடுக்கியிருக்கும், முற்றினால் இரண்டாகப் பிளந்து விதையைக் கொட்டிவிட்டு வெறும் தோலாக மரத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். உசிலை நெற்று அப்படி அடர்ந்த கொத்தாகத் தொங்காது. அகலம் கூடுதல், ரொம்பத் தட்டை, ரொம்ப மெல்லிசு, வெளிர் பழுப்பு. உள்ளே ஆறேழு விதைதான் இருக்கும், அவை தள்ளித் தள்ளிப் புடைத்துக்கொண்டு வெளியிலிருந்தே எண்ணும்படி தெரியும். உங்கள் படத்தில் நானே எண்ணிவிட்டேன், ஏழு.

பட்டை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். உசிலைப் பட்டை பச்சை கலந்த கரும்சாம்பல், முதிர்ந்த மரத்தில் மெல்லிய செதிலாக உரியும். சரி, நல்ல அடையாளம்தான், ஆனால் வெட்டி வெட்டித் துளிர்த்த மரத்தில் பட்டை என்ன நிறத்தில் வேண்டுமானாலும் இருக்கும்.

வெயில் ஏறும்போது, பங்குனி சித்திரையில் தொடங்கி, உசிலை புதுத் தளிரோடு சேர்ந்து பூக்கும். வெளிர்மஞ்சளில் சின்னச் சின்னப் பந்துகள், சில மரத்தில் லேசாக ரோஸ் சாயல், நல்ல மணம், தேனீ மொய்க்கும். சவுண்டல் பூவும் பந்துதான், ஆனால் வெள்ளை, வருஷத்தில் பல தடவை பூக்கும். கைலென்ஸ் இருந்தால் பந்திலிருந்து ஒரே ஒரு பூவைப் பிரித்து மகரந்தத் தாள்களை எண்ணுங்கள். சவுண்டலில் ஒரு பூவுக்குப் பத்து, தனித்தனியாக நிற்கும். உசிலையில் அதைவிட அதிகம், அடியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். வாகை இனத்து மரம் எதற்கும் இந்தக் கணக்குப் பொருந்தும், பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், சவுண்டல் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம், தீவனத்துக்கும் விறகுக்கும் என்று 1970, 80களில் இங்கே பரவலாக நடப்பட்டது. அதன் இலையில் மிமோசின் என்ற பொருள் இருக்கிறது. குதிரை, பன்றி மாதிரி அசைபோடாத விலங்குகள் அதை நிறையத் தின்றால் முடி கொட்டும். அரப்புக்கு இலை பறிக்கப் போகிறவர் சவுண்டலைப் பறித்துக்கொண்டு வந்தால், தலைக்குத் தேய்க்க வேறு இலை கிடைக்கவில்லையா என்றுதான் கேட்கத் தோன்றும்.

கேள்வி: கல்லூரி நண்பர்களோடு ஜவ்வாது மலைக்கு நடந்தபோது அடிவாரம் முழுக்க நீங்கள் முன்பு எழுதிய உசிலை மாதிரியே மரங்கள். மேலே போகப் போகக் காணோம். வனத்துறை நட்டு வைத்ததா? ஏன் கீழே மட்டும்?
(மாணவர், வேலூர்)

பதில்: யாரும் நடவில்லை தம்பி. தமிழ்நாட்டின் வறண்ட காடுகளில் இயல்பாகவே மிகச் சாதாரணமாகக் கிடைக்கிற மரங்களில் இது ஒன்று. சத்தியமங்கலம், தருமபுரி, சேலத்து மலையடிவாரங்கள், மதுரைப் பக்கத்துக் குன்றுகள், எங்கே போனாலும் இருக்கும். 1955இல் தொடங்கிய பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியாவின் தாவர வரைபடங்களைத் தயாரித்தபோது இந்த வகை வறண்ட காட்டுக்கு மூன்று மரங்களின் பெயரைச் சேர்த்தே பெயர் வைத்தார்கள். வெக்காலி, பொரசு, மூன்றாவது நம் உசிலை. அடுத்த முறை போகும்போது உசிலைக்குப் பக்கத்தில் மற்ற இரண்டையும் தேடுங்கள். பொரசின் பட்டை தடிமனாகத் தக்கை போல வெடித்திருக்கும், வெக்காலியின் அடிமரம் வழவழவென்று வெளிர்சாம்பலாக இருக்கும். மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் நீங்கள் நிற்பது என்ன காடு என்று பாதி தெரிந்த மாதிரி.

மேலே போனால் மழை கூடுதல், குளிர்ச்சி கூடுதல், அங்கே நிழலடிக்கிற பெரிய மரங்கள் வந்துவிடும். உசிலைக்கு வெயில் வேண்டும், அடர்ந்த நிழலில் அது தேறாது. கீழே, மண் சரளையாக, மழை குறைவாக, ஆடுமாடு மேய்கிற இடத்தில் மற்ற மரங்கள் திணறும்போது இது சமாளித்துக்கொள்ளும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். தலைமுறை தலைமுறையாக விறகுக்கு வெட்டியும் அடிவாரக் காடுகளில் இது மிஞ்சி நிற்பதற்கு இந்தத் துளிர்ப்புதான் பெரிய காரணம். நீங்கள் பார்த்தவற்றில் பல மரங்கள் ஒரே தூரிலிருந்து நாலைந்து தண்டாகக் கிளம்பியிருக்குமே, கவனித்தீர்களா? அவையெல்லாம் எப்போதோ வெட்டுப்பட்டவை.

கூடுதலாக ஒரு தகவல். இதே மரம் இலங்கையிலும் உண்டு, கடல் தாண்டி எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா என்று கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களிலும் உண்டு. அங்கே எடுத்த படத்தைப் பார்த்தால் நம் அடிவாரத்தில் எடுத்தது என்றே நினைப்பீர்கள்.

கேள்வி: சின்ன வயதில் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்தால் பாட்டி அரப்புதான் போட்டு விடுவார். இப்போது கடையில் வாங்குகிற அரப்புத் தூள் நுரைக்கவும் மாட்டேன் என்கிறது, தலையில் துகள் துகளாக ஒட்டிக்கொள்கிறது. வீட்டிலேயே தயாரிக்க முடியுமா? சீயக்காய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
(வாசகி, ஈரோடு)

பதில்: முடியும், ஒரு மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கடைப்பக்கமே போக வேண்டாம்.

முதலில் நுரை. ஷாம்பு பழகிய கைக்கு நுரை வந்தால்தான் அழுக்குப் போகிறது என்று தோன்றும். அரப்பில் வேலை செய்வது சபோனின் என்ற பொருள். அதன் ஒரு முனை எண்ணெயோடு சேரும், மறுமுனை தண்ணீரோடு சேரும், அலசும்போது எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்கு ஷாம்பு அளவு நுரை அவசியமே இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். போர்வெல் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கிற ஊர்களில் சோப்புப் போட்டால் வெள்ளையாகத் திரிந்து முடியில் பிசுபிசுவென்று படியும், ஏனென்றால் சோப்பு அந்தக் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகிறது. சபோனின் அப்படித் திரிவதில்லை. உப்புத் தண்ணீர் ஊர்களில் அரப்பு நிலைத்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

தயாரிப்பு சுலபம், ஆனால் பொறுமை வேண்டும். ரொம்பத் தளிரும் வேண்டாம், பழுத்ததும் வேண்டாம், நன்றாக விரிந்த பச்சை இலையாகப் பறியுங்கள். தூசி போக ஒரு தடவை அலசி, நிழலில் துணியில் பரப்புங்கள். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும்தான், ஆனால் பச்சை நிறம் செத்துப் பழுப்பாகிவிடும். காய்ந்ததும் கையால் உருவினால் சிற்றிலை எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும், காம்பு தனியாக நிற்கும். அந்தக் காம்பை எல்லாம் தயவுசெய்து தூக்கிப் போடுங்கள். கடைத் தூள் உங்கள் தலையில் துகளாக ஒட்டுவதற்குக் காரணமே காம்போடு சேர்த்து அரைத்து, சரியாகச் சலிக்காமல் பொட்டலம் போடுவதுதான். உதிர்ந்த இலையை மட்டும் அரைத்து, மாவு சலிக்கிற சல்லடையில் அல்ல, மெல்லிய துணியில் சலியுங்கள். அரைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், இந்தத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. ஈரம் படாத டப்பாவில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

தேய்க்கும்போது வெறும் தண்ணீரில் கரைப்பதை விட வடிகஞ்சியில் கரைத்தால் வழுவழுப்பாக இருக்கும், தலையிலிருந்து வழியாமல் நிற்கும். கரைத்து ஒரு பத்து நிமிஷம் ஊற விடுங்கள். கண்ணில் பட்டால் நன்றாக எரியும், அதனால் குழந்தைகளுக்குப் போடும்போது தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்கள். முதல் தடவை போடுகிறவர்கள் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போகலாம், இலைப் பொடி என்பதற்காக எல்லார் தோலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று இல்லை.

சீயக்காய் வேறு செடி. அது முள்ளோடு படர்கிற கொடி, பயன்படுவது காய். எண்ணெயை உரித்து எடுப்பதில் அரப்பை விடக் கொஞ்சம் முரடு, வறண்ட முடிக்காரர்கள் அரப்பை விரும்புவது அதனால்தான். எண்ணெய் நிறைய வைத்துக் குளிக்கிறவர்கள் இரண்டையும் பாதிப் பாதி கலப்பதும் உண்டு. பொடுகு போகும், வழுக்கையில் முளைக்கும், நரை மாறும் என்றெல்லாம் பொட்டலத்தில் அச்சடித்திருந்தால் நம்ப வேண்டாம். எண்ணெயும் அழுக்கும் போகும், முடி மிருதுவாக இருக்கும், அவ்வளவுதான், அதுவே போதாதா?

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். இலை தலைக்கு நல்லது என்றால் விதையும் எதற்காவது நல்லதாக இருக்கும் என்று யாரும் மென்று பார்க்க வேண்டாம். உசிலை விதையில் ஆல்கலாய்டு என்ற வீரியமான வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அதே போல அரப்புக் கரைசல் மிச்சத்தை மீன் வளர்க்கிற தொட்டியிலோ குட்டையிலோ ஊற்றக்கூடாது, சபோனின் மீனின் செவுளைப் பாதிக்கும்.

கேள்வி: வாகையும் உசிலையும் ஒன்றுதானே? எங்கள் ஊரில் இரண்டையுமே வாகை என்கிறார்கள்.
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஒரே இனத்து உறவுக்காரர்கள், ஒரே மரம் இல்லை. வாகையின் சிற்றிலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம், எண்ணிக்கையும் குறைவு, தூரத்திலிருந்தே வித்தியாசம் தெரியும். வாகை நெற்று வைக்கோல் நிறம், காய்ந்ததும் காற்றடித்தால் மரமே கலகலவென்று சத்தம் போடும். சங்கக் கவிதையிலேயே பதிவான சத்தம் அது. போரில் வென்றவர்கள் சூடியதும் வாகைப் பூதான், உசிலைப் பூ இல்லை. சாலையோரம் குடை மாதிரி விரிந்து, சாயங்காலமானால் இலையை மூடிக்கொள்கிறதே தூங்குமூஞ்சி, அதையும் சிலர் வாகை என்பார்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, காட்டு மரப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: மூன்று ஏக்கர் மானாவாரி, சரளை மண். நர்சரிக்காரர் மகோகனி போடச் சொல்கிறார். வேலியோரம் உசிலை வைக்கலாம் என்று விதை சேகரித்துப் போட்டேன், பத்துக்கு ஒன்று கூட முளைக்கவில்லை. உசிலையால் வருமானம் உண்டா, இல்லை வீண் வேலையா?
(விவசாயி, விருதுநகர் மாவட்டம்)

பதில்: முளைக்காததற்கு விதைத்தோல்தான் காரணம். அது கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, இறக்கி, அதில் விதையைக் கொட்டி அப்படியே ஆற விட்டு ஒரு ராத்திரி முழுக்க ஊற வையுங்கள். கவனம், அடுப்பின் மேல் வைத்து விதையை வேக வைத்துவிடக் கூடாது. காலையில் உப்பியிருப்பதை எடுத்து விதையுங்கள், உப்பாததை மறுபடி ஒரு தடவை அதே மாதிரி செய்யலாம். ஊற வைப்பதற்கு முன்பே ஓட்டை விழுந்த விதைகளைப் பொறுக்கித் தள்ளிவிடுங்கள். நெற்றுக்குள்ளேயே வண்டு துளைத்திருக்கும், கீழே கிடக்கிற நெற்றில் இது அதிகம். அதனால் மரத்திலேயே காய்ந்த நெற்றாகப் பறிப்பது நல்லது.

பாலித்தீன் பையில் ஒன்றிரண்டு விதை போட்டு, கன்று ஒரு முழ உயரம் வந்ததும் மழை தொடங்கும்போது நடலாம். உங்கள் பக்கம் என்றால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசிக் கடைசியில் நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை பெருமளவு மிச்சம். தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் மட்டும் வைக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று வருஷம் மெதுவாகத்தான் வளரும், அதைப் பார்த்து மனசு விட்டுவிடக் கூடாது. ஆடுதான் பெரிய எதிரி. உசிலைத் தழை என்றால் ஆட்டுக்கு உயிர், எட்டாத உயரத்துக்குப் போகும் வரை முள் வைத்துக் கட்டியே ஆக வேண்டும்.

வருமானம் என்று மர வியாபாரி கணக்கில் பார்த்தால் உசிலை தோற்றுப்போகும். பொதுவாகப் பத்து மீட்டருக்குள்தான் உயரம், அடிமரம் நேராக நீளமாகக் கிடைப்பதும் குறைவு, பலகைக்கு உதவாது. கட்டை கெட்டி, வைரம் நல்ல கரும்பழுப்பு. வண்டிச் சாமான், கலப்பை, மண்வெட்டிப் பிடி, கம்பம் என்று அந்தக் காலத்தில் போனது. இன்றைக்கு விறகும் கரியும்தான் மிச்சம். பலகைக்கு ஆகாத மரத்தை வீண் மரம் என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நர்சரியில் விலைப்பட்டியல் பார்த்தே மரம் தேர்ந்தெடுப்பதால் வந்தது அது. உசிலையில் காசு இலையில் இருக்கிறது. வருஷா வருஷம் கிளையைக் கழித்தால் ஆட்டுக்குத் தழை, வயலுக்குத் தழை உரம், நிழலில் காய வைத்தால் அரப்பு, கழித்த கொம்பு அடுப்புக்கு. மரமும் அங்கேயே நிற்கும். பயறுவகைக் குடும்பம் என்பதால் வேர் முடிச்சில் தழைச்சத்தும் சேரும். இலை பொடிசு, கீழே முழு நிழல் அடிக்காது, வரப்போரத்தில் இருந்தால் பயிருக்குப் பெரிய தொந்தரவு இல்லை.

மகோகனி வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். ஆனால் சரளை மண் மானாவாரியில் தண்ணீர் ஊற்றாமல் அதை வளர்த்துக் காட்டச் சொல்லி நர்சரிக்காரரிடம் கேளுங்கள், பதிலைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள். கிளை கழிக்கும்போது மொட்டையாக எல்லாவற்றையும் வெட்டாமல், உச்சியில் மூன்றில் ஒரு பங்கை விட்டு வையுங்கள், அதுவும் பூக்கிற சமயத்தில் கைவைக்காதீர்கள்.

கேள்வி: பயிருக்குத் தெளிக்க அரப்பு மோர்க் கரைசல் என்கிறார்களே, அதற்கு இந்த இலைதானா? அளவு என்ன?
(வாசகர், நாமக்கல்)

பதில்: இதே இலைதான். இயற்கை விவசாயிகள் பரவலாகச் சொல்கிற முறை: ஒன்றிரண்டு கிலோ பச்சை இலையைத் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி ஐந்து லிட்டர் சாறு எடுங்கள். அதோடு ஐந்து லிட்டர் புளித்த மோர் சேர்த்து, மண்பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ ஏழு நாள் மூடி வையுங்கள், தினமும் ஒரு தடவை குச்சியால் கலக்குங்கள். தெளிக்கும்போது ஒரு லிட்டர் கரைசலுக்குப் பத்து லிட்டர் தண்ணீர். உலோகப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அரித்துவிடும். சபோனின் இருப்பதால் கரைசல் இலையில் நன்றாகப் பரவி ஒட்டும், இது கண்ணால் பார்க்கக்கூடிய நன்மை. பூ பிடிக்கும், விளைச்சல் இரட்டிப்பாகும் என்று சொல்லுகிறவர்களின் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நாலு பாத்தியில் தெளித்து நாலு பாத்தியைச் சும்மா விட்டு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். துணியால் வடிகட்டாமல் ஸ்பிரேயரில் ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும், அது நிச்சயம்.

கேள்வி: மலையடிவாரக் காட்டில் உசிலை நிறைய இருக்கிறது. அரப்புக்கு இலை பறித்து விற்றால் வனத்துறை பிடிக்குமா? எங்கள் பட்டா நிலத்தில் உள்ளதை வெட்டலாமா?
(மகளிர் குழு உறுப்பினர், சேலம் மாவட்டம்)

பதில்: காப்புக்காட்டுக்குள் என்றால் இலை, விறகு, விதை எதுவானாலும் வனப்பொருள்தான். 1882ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது, அனுமதியில்லாமல் பறித்தால் குற்றம். இலைதானே என்று நினைக்க வேண்டாம். காட்டில் வாழும் பழங்குடியினருக்கும் தலைமுறைகளாகக் காட்டை நம்பி வாழ்கிறவர்களுக்கும் 2006ஆம் வருஷ வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் சேகரிக்கவும் விற்கவும் உரிமை தருகிறது, உங்கள் குழுவில் அப்படிப்பட்ட குடும்பங்கள் இருந்தால் கிராம சபை மூலம் விண்ணப்பியுங்கள். அந்த வழி இருக்கும்போது ராத்திரியில் மூட்டை கட்டிக்கொண்டு வர வேண்டிய அவசியம் இல்லை.

பட்டா நிலத்து மரத்தில் இலை பறிக்க யாரையும் கேட்க வேண்டாம். மரத்தை வெட்டுவதானால் உங்கள் கிராமம் 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட பகுதியா என்று முதலில் கேளுங்கள். அப்படியென்றால் சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும். சமவெளிக் கிராமமாக இருந்தாலும் வெட்டிய கட்டையை லாரியில் ஏற்றும் முன் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.